ஸ்லாவியக் கல்வியும் நமது கரையும்

1947ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு ஓர் அறிக்கையை வெளியிட்டது. ஸ்கார்பரோ பிரபுவின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு தயாரித்த அவ்வறிக்கையின் தலைப்பே நமது கவனத்துக்கு உரியது. கீழைத்தேயக் கல்வி, ஸ்லாவியக் கல்வி, கிழக்கு ஐரோப்பியக் கல்வி, ஆபிரிக்கக் கல்வி ஆகிய நான்கையும் ஒன்றாகக் கட்டி, பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் இவற்றை எவ்வாறு வளர்ப்பது என்று அக்குழு ஆராய்ந்திருந்தது. தமிழுக்கும் ருஷ்ய மொழிக்கும் என்ன உறவு? சுவாகிலிக்கும் செக் மொழிக்கும் என்ன உறவு? இலக்கணத்தில் எவ்வித உறவும் இல்லை, எழுத்தில் இல்லை, பேசுவோரின் வாழ்விலும் இல்லை. லண்டனில் அமர்ந்து உலகப் படத்தை நோக்கும் ஒருவனுடைய பார்வையில் மட்டுமே இவை ஓரினமாகத் தோன்றும். ஆளவேண்டிய மக்கள், அஞ்சவேண்டிய மக்கள், வாணிபம் செய்யவேண்டிய மக்கள் ஆகியோரின் மொழிகள் என்பதே அவ்வினத்தின் இலக்கணம்.

இறக்கக்கண்டியில் வாழும் நமக்கு இத்தகைய பார்வை புதிதன்று. நிலாவெளிக்கு வடக்கே, புல்மோட்டைக்குச் செல்லும் சாலையில், களப்பு நீர் கடலோடு கலக்கும் இடத்தில் உள்ளது நமது ஊர். தெற்கே திருகோணமலைத் துறைமுகம். அத்துறைமுகத்தின் ஆழத்தை அளந்தவர்களும், அதன் மலைகளில் பீரங்கிகளை ஏற்றியவர்களும், அதன் மக்களைக் குறிப்பேடுகளில் எழுதியவர்களும் பலர். போர்த்துக்கேயர் எழுதினர், ஒல்லாந்தர் எழுதினர், பிரெஞ்சுக்காரர் எட்டிப் பார்த்துப் போயினர், ஆங்கிலேயர் தங்கி ஆண்டனர். நானூறு ஆண்டுகளாக நாம் படிக்கப்பட்டிருக்கிறோம். நாம் யாரைப் படித்தோம் என்ற வினாவை நமது பள்ளிக்கூடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் எவரும் பெரிதாக எழுப்பியதில்லை. ஸ்லாவிய மொழிக் கல்வியின் வரலாறு அவ்வினாவை எழுப்புவதற்கு ஏற்ற ஓர் எடுத்துக்காட்டு என்று கருதுகிறோம்.

ருஷ்யம், உக்ரேனியம், பெலோருஷ்யம், போலிஷ், செக், சுலொவாக், பல்கேரியம், சேர்பியம், குரோவேசியம், சுலொவேனியம், மசிடோனியம் என விரியும் ஒரு பெருங்குடும்பமே ஸ்லாவியம். தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு என்று நாம் அடுக்குவதைப் போன்றது அது. அக்குடும்பத்துக்கு மேற்கு ஐரோப்பாவில் புகழ்பெற்ற ஓர் ஆசனம் 1840இல் பாரிஸ் நகரின் கொலேஜ் த பிரான்ஸ் என்னும் உயர்கல்விக் கழகத்தில் கிடைத்தது. அதில் அமர்ந்தவர் அடாம் மித்ஸ்கியேவிச், நாடிழந்த போலந்தின் பெருங்கவிஞர், அகதி. வரைபடத்திலிருந்தே அழிக்கப்பட்டுவிட்ட ஒரு நாட்டின் மகன், அந்நிய நகரில் நின்று தன் இனத்தாரின் இலக்கியங்களைப் பற்றி விரிவுரையாற்றினார். நான்கே ஆண்டுகளில் பிரெஞ்சு அரசு அவருடைய விரிவுரைகளை நிறுத்தியது. அவற்றில் அரசியல் மிகுந்துவிட்டதாம்! நாடற்றவனிடம் வெறும் இலக்கணத்தை எதிர்பார்த்த அரசின் அறிவை என்னென்பது?

லண்டனில் ஸ்லாவியக் கல்விக்கழகம் தோன்றியது 1915 ஒக்டோபரில், முதல் உலகப்போரின் நடுவில். தொடக்க விரிவுரையை ஆற்றியவர் தோமாஸ் மசாரிக் என்னும் செக் பேராசிரியர். ஒஸ்திரிய ஏகாதிபத்தியத்தின் கையிலிருந்து தப்பி வந்தவர். மூன்றாண்டுகளின் பின் செக்கோசுலோவாக்கியாவின் முதற் குடியரசுத் தலைவரானவர். அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஐரோப்பிய நெருக்கடியில் சிறிய தேசங்களின் பிரச்சினை. கூட்டத்துக்குப் பிரதமர் அஸ்குயித் தலைமை வகிப்பதாக இருந்தது. அவர் நோயுற்றமையால் ராபர்ட் செசில் பிரபு வந்தார். மொழிக் கழகம் ஒன்றின் தொடக்க விழாவுக்குப் பிரதமரே வர இசைந்தார் என்றால், அங்கே வினைத்திரிபுகள் மட்டும் கற்பிக்கப்படவில்லை என்பது தெளிவு. பகைவனின் பேரரசுக்குள் அடங்கிக் கிடந்த சிறிய தேசங்கள் போர்க்காலத்தில் பிரித்தானியாவுக்கு இனித்தன. தன் பேரரசுக்குள் கிடந்த சிறிய தேசங்களைப் பற்றி அது அவ்வாறு விரிவுரை நிகழ்த்தவில்லை. அதற்கு அடுத்த ஆண்டிலேயே, 1916இல், கீழைத்தேயக் கல்விக்கழகம் அதே நகரில் நிறுவப்பட்டது. காலனிகளுக்குச் செல்லும் அதிகாரிகளையும் வணிகரையும் பயிற்றுவிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. இவ்வாறு ஒரே நகரில், ஒரே போரின் நெருப்பில், இரு கழகங்கள் வார்க்கப்பட்டன. ஒன்று செக்கரையும் சேர்பியரையும் படித்தது. மற்றது நம்மைப் படித்தது.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் இவ்வரலாறு அத்லாந்திக்கைக் கடந்தது. 1946இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ருஷ்ய ஆய்வு நிலையம் ரொக்ஃபெல்லர் நிதியத்தின் பணத்தில் உருவானது. 1948இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ருஷ்ய ஆராய்ச்சி மையம் கார்னகி நிதியத்தின் பணத்தில் உருவானது. எண்ணெய் முதலாளியின் பெயரும் எஃகு முதலாளியின் பெயரும் சோவியத் ஆய்வின் தலைவாசலில் பொறிக்கப்பட்டமையை நமது வாசகர்கள் கவனிக்கத் தவறமாட்டார்கள். ஹார்வர்ட் மையத்தின் முதல் இயக்குநர் கிளைட் குளுக்ஹோன் ஒரு மானிடவியலாளர். அவருடைய ஆய்வுக்களம் அமெரிக்க ஆதிக்குடிகளான நவாஹோ மக்கள். ருஷ்ய ஆராய்ச்சியை நடத்துவதற்கு ஆதிக்குடிகளை ஆராய்ந்தவரைத் தேர்ந்தது தற்செயலன்று. ஒரு மக்கட்கூட்டத்தை வெளியிலிருந்து முழுமையாக நோக்கி, அதன் நடத்தையை முன்கூட்டிக் கணிக்கும் முறை தேவைப்பட்டது. மொழியோடு வரலாறு, பொருளியல், சமூகவியல், நிலவியல் அனைத்தையும் ஒரே குடையின்கீழ்க் கொண்டுவந்து 'பிரதேச ஆய்வு' என்று அதற்குப் பெயரிட்டனர். 1950, 1951ஆம் ஆண்டுகளில் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் தங்கியிருந்த சோவியத் அகதிகள் பல நூற்றுவரைக் கண்டு வினவி, அவர்களின் பள்ளிக்கூடம், தொழிற்சாலை, சாப்பாடு, அச்சம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டனர். செலவை ஏற்றது அமெரிக்க வான்படை.

பிரித்தானியா தன் பங்குக்கு, 1951 முதல் 1960 வரை, கட்டாயப் படைச்சேவைக்கு அழைக்கப்பட்ட இளைஞருள் மொழித்திறன் உடையோரைப் பொறுக்கியெடுத்து முப்படைகளுக்குமான மொழிப்பள்ளியில் ருஷ்யம் கற்பித்தது. ஆயிரக்கணக்கானோர் கற்றனர். கற்றபின் பலருக்கு வாய்த்த வேலை, காதில் குழாயை மாட்டிக்கொண்டு சோவியத் விமானிகளின் வானொலிப் பேச்சைக் குறித்துக்கொள்வது. ஆயினும் அவர்களுள் சிலர் பிற்காலத்தில் செக்கோவின் நாடகங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தனர். மைக்கேல் ஃபிரேன் அவர்களுள் ஒருவர். அரசன் வேவுக்காக ஊன்றிய விதையிலிருந்து இலக்கியமும் முளைத்துவிடுவது உண்டு.

1957 ஒக்டோபர் 4ஆம் தேதி சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை வானில் ஏவியது. அமெரிக்கா நடுங்கிற்று. மறு ஆண்டிலேயே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் நிறைவேறியது. கல்விச் சட்டத்துக்குப் 'பாதுகாப்பு' என்று பெயர் சூட்டிய நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். அச்சட்டத்தின் ஆறாம் பிரிவு, நாட்டுக்கு இன்றியமையாதன என்று கருதப்பட்ட மொழிகளின் மையங்களுக்குப் பணம் ஒதுக்கியது. ருஷ்யத்துக்குப் பணம் கிடைத்தது; தமிழுக்கும் கிடைத்தது. சிகாகோவில் ஏ.கே. இராமானுஜன் தமிழ் கற்பித்ததும் சங்கப் பாடல்கள் ஆங்கிலம் பேசும் உலகின் செவிகளில் விழுந்ததும் இந்தச் சூழலிலேதான். ஸ்புட்னிக் பறந்திராவிடில் குறுந்தொகைக்கு அந்த வாசல் அவ்வளவு எளிதில் திறந்திருக்குமோ என்பது ஐயமே.

ஸ்புட்னிக் பறந்த அதே ஒக்டோபர் மாதத்தில்தான் நமது திருகோணமலைத் தளத்தைப் பிரித்தானியக் கடற்படை இலங்கையிடம் ஒப்படைத்தது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே இலங்கையும் சோவியத் யூனியனும் தூதுறவு ஏற்படுத்திக்கொண்டிருந்தன. யூனியன் ஜாக் இறங்கியதை இக்கரையின் மக்கள் விடுதலையின் அடையாளமாகக் கண்டனர்; தளத்தில் கூலிவேலை செய்து பிழைத்தவர்களோ நாளைய சோற்றை எண்ணிக் கலங்கினர். இரண்டும் உண்மை. கொடி இறங்கியபோதிலும் இக்கரையின்மீது பதிந்த பார்வை அகலவில்லை. 1980களில் ஜேர்மனியின் டொய்ச்சே வெல்லே வானொலி, திருகோணமலை நகருக்கு வடக்கே இதே கரையோரத்தில் அஞ்சல் நிலையம் அமைத்து, ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் ஆசிய நாடுகளை நோக்கி ஒலிபரப்பியது. பிறருடைய மொழிகள் நமது பனைகளுக்கு மேலாகப் பறந்து சென்றன. அவற்றை அனுப்பியவர்கள் கேட்போரின் மொழிகளைக் கற்றிருந்தனர். நாம் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தோம்.

இதுவரை சொன்னவை ஒரு பக்கம். ஸ்லாவியர் நம்மைப் படித்த கதை மறுபக்கம். இதனைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் நமது மாணவர்கள் இதை அறியார்.

1785ஆம் ஆண்டில் கெராசிம் லெபெதேவ் என்னும் ருஷ்ய இசைவாணர் சென்னையில் வந்திறங்கினார். யரோஸ்லாவ்ல் நகரத்துக்காரர். வயலின் வாசித்துப் பிழைத்தபடியே இரண்டாண்டுகள் அங்கு தங்கி, அக்காலத்து ஐரோப்பியர் மலபார் மொழி என்றழைத்த தமிழைக் கற்றார். பின்னர் கல்கத்தாவுக்குச் சென்று வங்காளமும் வடமொழியும் பயின்று, 1795இல் வங்காள நடிகர்களையும் நடிகையரையும் கொண்டு மேடை நாடகம் நிகழ்த்தினார். ஆங்கிலக் கும்பினியாரின் பொறாமைக்கும் கடனுக்கும் ஆளாகி நாடு திரும்பினார். அவரை அனுப்பிய அரசும் இல்லை. அவருக்கு ஆசனம் அளித்த கழகமும் இல்லை.

இவான் மினாயேவ் வேறு வகையினர். பீற்றர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். பாளி மொழிப் புலவர். 1874இல் இலங்கைக்கு வந்து, இந்தியாவையும் சுற்றிப்பார்த்து, 1878இல் தம் பயண நூலை வெளியிட்டார். அவர் தேடி வந்தது பௌத்தம். பிற்காலத்தில் உலகம் வியந்த ருஷ்ய பௌத்தவியல் மரபு அவருடைய மாணவர்களாலேயே வளர்ந்தது. செக்கோவ் 1890இல் கொழும்பிலும் கண்டியிலும் சில நாள் கழித்தார். புனின் 1911இல் வந்து சென்று, கொழும்பின் ரிக்‌ஷாக்காரன் ஒருவனைப் பற்றி நெஞ்சை உலுக்கும் கதை எழுதினார். இவர்களெல்லாம் வழிப்போக்கர்.

தமிழுக்காகவே வாழ்ந்து அதன்பொருட்டு நினைக்கப்படவேண்டியவர் அலெக்சாந்தர் மெர்வார்ட். ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் பிறந்து ருஷ்யாவைத் தன் நாடாக்கிக்கொண்டவர். பீற்றர்ஸ்பர்க்கின் மானிடவியல் நூதனசாலை 1914இல் அவரையும் அவர் மனைவி லியுத்மிலாவையும் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் அனுப்பியது. அவர்கள் வந்து சேர்ந்த ஆண்டிலேயே உலகப்போர் மூண்டது. நான்காண்டுகள் இத்தீவிலும் தென்னகத்திலும் வடக்கிலும் அலைந்தனர், மொழிகள் கற்றனர், குடியானவனின் கலப்பை, மீனவனின் வலை, கூத்தாடியின் முகமூடி போன்ற அன்றாட வாழ்வின் பொருள்களைச் சேகரிக்கும் துறையைச் சார்ந்தவர்கள் அவர்கள். புரட்சியின் பின் நாடு திரும்பி, லெனின்கிராட்டில் தமிழ் கற்பித்தார் மெர்வார்ட். 1929இல் பேச்சுத் தமிழின் இலக்கணம் ஒன்றை ருஷ்ய மொழியில் வெளியிட்டார். பேச்சுத் தமிழ்! நமது பண்டிதர்கள் கொச்சை என்று முகஞ்சுளித்துக்கொண்டிருந்த அந்நாளில், சந்தையிலும் வயலிலும் வழங்கும் மொழிக்கு இலக்கணம் உண்டு என்று நேவா நதிக்கரையிலிருந்து ஒருவர் எழுதிக் காட்டினார். உழைக்கும் மக்களின் நாவுக்கு அவர் செய்த மரியாதை அது.

மறு ஆண்டு, 1930இல், அவர் கைதானார். விஞ்ஞானக் கழகத்து அறிஞர் பலர்மீது புனையப்பட்ட வழக்கில் அவரும் அந்நிய உளவாளி என்று குற்றஞ்சாட்டப்பட்டார். 1932இல் வடக்கே உக்தா நதிப் பிரதேசத்துச் சிறைமுகாமில் இறந்தார். மனைவியும் சிறைப்பட்டார், பின்னர் மீண்டு வந்து மலாய் மொழி ஆய்வில் உழைத்தார். முற்போக்காளர்களாகிய நாம் இவ்வரலாற்றை முணுமுணுப்பாகச் சொல்லிக் கடந்துவிடலாகாது. உழைக்கும் மக்களின் பெயரால் நடந்த ஓர் அரசு, அம்மக்களின் பேச்சுக்கு இலக்கணம் வகுத்தவரைக் கொன்றது. பிறநாட்டு மொழியைக் கற்றவன் எந்த அரசுக்கும் ஐயத்துக்குரியவனே. வாஷிங்டன் அவனை விலைக்கு வாங்க முயல்கிறது. ஸ்டாலினின் காவற்படை அவனைப் பனியில் புதைத்தது.

நீண்ட இடைவெளியின் பின், 1950களில், லெனின்கிராட்டில் தமிழ் மீண்டும் துளிர்த்தது. செம்யோன் ருதின் தம்மைச் 'செம்பியன்' என்று தமிழில் அழைத்துக்கொண்டார். அவரும் மொஸ்கோவின் அலெக்சாந்தர் பியாதிகோர்ஸ்கியும் தொகுத்த தமிழ்-ருஷ்ய அகராதி 1960இல் ஏறத்தாழ 38,000 சொற்களோடு அச்சாயிற்று. மிகயில் அந்திரோனோவ் திராவிட மொழிகளின் இலக்கணத்தை ஆழமாக ஆராய்ந்ததோடு, வேறு இருவருடன் சேர்ந்து 1965இல் ருஷ்ய-தமிழ் அகராதியும் தந்தார். யூரி கிளாசோவ் திருக்குறளையும் சிலப்பதிகாரத்தையும் ருஷ்யர் படிக்கச் செய்தார். பிராக் நகரத்துக் கமில் சுவலபில் செக் மொழியில் தமிழ்ப் பாடல்களைப் பெயர்த்தார். 1964 ஜனவரியில் புதுடில்லியில் அகில உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைந்தபோது, யாழ்ப்பாணத்துத் தனிநாயகம் அடிகளாரோடு செயலாளர் பொறுப்பை ஏற்றவர் அவரே. ஈழத்தின் துறவி ஒருவரும் செக் நாட்டுப் புலவர் ஒருவரும் தோளோடு தோள் நின்று கட்டிய மன்றம் அது.

இவர்களின் பிற்கால வாழ்க்கையும் நமக்குப் பாடமாகும். 1968இல் சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் புகுந்தபின் சுவலபில் நாட்டைவிட்டு வெளியேறி, இறுதியில் ஒல்லாந்தின் உத்ரெஹ்த் பல்கலைக்கழகத்தில் ஓய்வுபெறும்வரை கற்பித்தார். அதே ஆண்டில் மொஸ்கோவில், எழுத்தாளர்மீது நடந்த வழக்குகளைக் கண்டித்துக் கையொப்பமிட்ட குற்றத்துக்காகக் கிளாசோவ் வேலையிழந்தார். 1972இல் நாடு நீங்கினார். கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் ருஷ்யத் துறைப் பேராசிரியரானார். ருஷ்யாவில் தமிழ் கற்பித்தவர் கனடாவில் ருஷ்யம் கற்பிக்க நேர்ந்தது! பியாதிகோர்ஸ்கி 1974இல் லண்டனுக்குப் போய், நாம் மேலே கூறிய அந்தக் கீழைத்தேயக் கழகத்திலேயே அமர்ந்தார். இருந்து தாங்கியவர்களும் உண்டு. மொஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்சாந்தர் துபியான்ஸ்கி, சோவியத் யூனியன் சிதைந்து தமிழுக்குக் கிடைத்த ஆதரவு வற்றிய பின்னும் மாணவர்க்குச் சங்க இலக்கியம் கற்பித்து வந்தார். 2020 நவம்பரில் கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று.

அவர்கள் கற்றனர். நாம் என்ன செய்தோம்?

ருஷ்ய இலக்கியத்தை நாம் நெஞ்சோடு அணைத்துப் படித்தோம் என்பதில் ஐயமில்லை. கோர்க்கியின் 'தாய்' நமது இயக்கத் தோழர்களுக்கு வேதமாயிற்று. ஆயினும் தொ.மு.சி. ரகுநாதன் அதனை ஆங்கிலத்திலிருந்தே பெயர்த்தார். பிறகு மொஸ்கோவின் பதிப்பகங்களே தமிழ்ப் பகுதி அமைத்து, பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றோரைக்கொண்டு நூல்களை வெளியிட்டன. நல்ல தாள், கெட்டி அட்டை, கூலிக்காரனும் வாங்கக்கூடிய விலை. மொஸ்கோ வானொலி மாலைதோறும் தமிழில் பேசிற்று. எல்லாம் வந்துகொண்டேயிருந்தன. வருகிற தபாலை வாசிப்பவன், தபால் நின்ற அன்றைக்குத்தான் தனக்கு விலாசம் எழுதத் தெரியாது என்று உணர்கிறான். 1991இல் தபால் நின்றது.

இந்திய அரசு இவ்விஷயத்தில் நம்மைவிட விழிப்பாக இருந்தது. 1965இல் புதுடில்லியில் ருஷ்யக் கல்வி நிலையம் நிறுவப்பட்டு, பின்னர் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் ருஷ்ய மையமாக வளர்ந்தது. டில்லிப் பல்கலைக்கழகத்தில் ஸ்லாவிய, பின்னோ-உக்ரிய மொழிகளுக்கெனத் தனித்துறை உண்டு. அங்கே ருஷ்யத்தோடு போலிஷ், செக், பல்கேரியம் முதலியனவும் இடம்பெற்றன. இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தின் நவீன மொழித்துறை ருஷ்யம் கற்பிக்கிறது. களனியில் டயர்த் தொழிற்சாலையும் ஒருவெலவில் உருக்குத் தொழிற்சாலையும் சோவியத் உதவியோடு எழுந்த காலத்தில், பொறியியலாளர் பலர் ருஷ்யம் பேசினர். 1960இல் மொஸ்கோவில் தோன்றி, மறு ஆண்டில் கொங்கோவின் தியாகி லுமும்பாவின் பெயரைப் பெற்ற மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்துக்கு நமது வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் சென்றனர். முதலாண்டு முழுவதும் ருஷ்ய மொழி. அதன் பின்பே மருத்துவமோ பொறியியலோ. வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் திரும்பினர். புஷ்கினை மூலத்தில் படிக்கத் தெரிந்தவர்களாகவும் திரும்பினர். அவர்களிடம் நாம் காய்ச்சலுக்கு மருந்து கேட்டோம். புஷ்கினைக் கேட்கவில்லை.

ஸ்லாவியக் கல்வியை அந்தப் பழைய நட்புறவின் நினைவுச் சின்னமாக மட்டும் கருதுவோர் உளர். இது பிழையான கருத்து என்பது நமது துணிபு. ஸ்லாவிய மக்களின் வரலாற்றில் பெரும்பகுதி சிறிய மொழிகளின் வரலாறாகும். அது நமது வரலாற்றுக்கு அண்மையானது. 1863இல் ஜார் அரசின் அமைச்சர் வலூயேவ் உக்ரேனிய மொழியில் கல்வி நூல்களையும் சமய நூல்களையும் அச்சிடுவதைத் தடுத்தார்; 1876இல் இரண்டாம் அலெக்சாந்தர் ஏம்ஸ் என்ற ஊரில் ஓய்வெடுத்துக்கொண்டே பிறப்பித்த கட்டளை, மேடையையும் இறக்குமதி நூல்களையும் அத்தடையுள் கொண்டுவந்தது. உக்ரேனியம் தனிமொழியே அன்று என்பது அரசின் வாதம். போலந்தின் மேற்குப் பகுதியைப் பிரஷ்யா ஆண்டபோது, 1901இல் விரேஷ்னியா என்னும் சிற்றூர்ப் பள்ளியில் பிள்ளைகள் ஜேர்மன் மொழியில் சமயபாடம் படிக்க மறுத்தனர், ஆசிரியர்கள் பிரம்பெடுத்தனர், வெளியே திரண்ட பெற்றோர் சிறைக்குப் போயினர். 1914 ஜனவரியில் லெனின், கட்டாய அரசமொழி ருஷ்யாவுக்குத் தேவையா என்று வினவி, தேவையில்லை என்று எழுதினார்.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வளர்ந்த, பரீட்சையிலும் உத்தியோகத்திலும் அதன் சுமையைத் தாங்கிய ஓர் ஆசிரியருக்கு இவற்றை விளக்கவேண்டிய தேவையே இல்லை. படித்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார். ஆனால் அவருடைய கையில் அந்நூல்கள் இல்லை. விரேஷ்னியாப் பெற்றோரின் வாக்குமூலங்களையோ, செக் மொழியை அடுப்படியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு உயர்த்தியவர்களின் கடிதங்களையோ தமிழில் நாம் பெற்றிருக்கவில்லை. ஸ்லாவியம் என்றாலே மொஸ்கோ என்று எண்ணிப் பழகியதன் விளைவும் இது. 2022இல் ருஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் நுழைந்தபோது நமது இடதுசாரி வட்டங்களில் நிலவிய குழப்பத்துக்கு இதுவே ஒரு காரணம். ஒரு சாரார் பழைய நட்பை எண்ணி வாய்மூடினர்; மற்றொரு சாரார் மேலைநாட்டுப் பத்திரிகைகளின் சொற்களை அப்படியே ஒப்புவித்தனர். உக்ரேனியன் தன் மொழியில் என்ன சொல்கிறான், போரை எதிர்க்கும் ருஷ்யன் தன் மொழியில் என்ன சொல்கிறான் என்று நேரே கேட்க வல்லவர் நம்மிடையே மிகச் சிலர்.

அறிவின் இவ்வறுமைக்கு உயிரையே விலையாகக் கொடுத்தோரும் உண்டு. நல்ல சம்பளம், குடியுரிமை என்று ஆசைகாட்டிய தரகர்களை நம்பி, இலங்கையின் முன்னாள் படைவீரர் பல நூற்றுவர் அப்போர்முனைக்குச் சென்றமை 2024இல் வெளிப்பட்டது. வேலை தேடி ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட தமிழ் இளைஞர்களும் அதில் சிக்கினர் என்று அவர்களின் தாய்மார் கண்ணீரோடு முறையிட்டனர். தாம் ஓர் எழுத்தும் படிக்கவறியாத மொழியில் அமைந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்கள். ஒருவனை அந்தப் படுகுழிக்குத் தள்ளியது வறுமை; கடைசி நொடியில் அவனைத் தடுத்திருக்கக்கூடிய ஒன்று அந்தத் தாளைப் படித்துச் சொல்ல ஒரு மனிதர். அத்தகைய மனிதரை உருவாக்குவது பல்கலைக்கழகத்தின் வேலையன்று என்று சொல்பவரோடு நமக்கு வாதமில்லை. அவர் பல்கலைக்கழகம் என்று எதனைக் கருதுகிறார் என்று மட்டும் கேட்போம்.

இறக்கக்கண்டியிலிருந்து திருகோணமலைக்குப் போகும் சாலையில், நிலாவெளியைக் கடந்தால் கோணேசபுரி. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அங்கேதான் இருக்கிறது. மொழிகளுக்கும் தொடர்பாடலுக்கும் ஒரு துறை உண்டு. ஸ்லாவிய மொழி எதற்கும் அங்கே பட்டப்படிப்பு இல்லை. அதே சாலையின் கடற்பக்கத்து விடுதிகளிலோ, சித்திரை தொடங்கிப் புரட்டாதிவரை ருஷ்யரையும் போலந்து நாட்டாரையும் செக்கரையும் காண்கிறோம். 2023இல் இத்தீவுக்கு வந்த உல்லாசப் பயணிகளுள் இந்தியருக்கு அடுத்தபடியாக இருந்தவர் ருஷ்யர். புறாத்தீவுக்குப் படகோட்டும் நமது இளைஞர் விலை பேசுமளவுக்கு ருஷ்யச் சொற்களைச் செவிவழியாகவே பிடித்துக்கொண்டனர். மெர்வார்ட் இருந்திருந்தால் அவர்கள் அருகே குறிப்பேட்டோடு அமர்ந்திருப்பார்.

ருஷ்யாவிலோ அமெரிக்காவிலோ உள்ளது போன்ற பெருநிலையத்தை நாம் கேட்கவில்லை. ரொக்ஃபெல்லரும் கார்னகியும் நமக்கு இல்லை. இருந்தாலும் அவர்கள் பணத்தோடு வரும் வினாப்பட்டியல் நமக்கு வேண்டாம். வாரத்துக்கு இரு மாலைகள், ஓர் அறை, மொஸ்கோவில் அச்சான அந்த அகராதிகளின் பிரதிகள், ருஷ்யத்தோடு நின்றுவிடாமல் உக்ரேனியத்துக்கும் போலிஷுக்கும் வழி திறக்கும் ஒரு பாடத்திட்டம் ஆகியவை போதும். ஆசிரியருக்கு எங்கே போவது என்று கேட்கப்படலாம். மொஸ்கோவிலும் கீவிலும் மின்ஸ்கிலும் ஆறேழு ஆண்டுகள் படித்து வந்த வைத்தியர்களும் பொறியியலாளர்களும் இம்மாவட்டத்திலேயே இருக்கின்றனர். பெரும்பாலோர் இப்போது ஓய்வூதியர். அலமாரியின் மேல்தட்டில் பழைய ருஷ்யப் புத்தகங்களை வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் இருக்கிறார்கள்.